லாரியில் ஏறிய ஆறு சீட்டுகள்

"சின்ன வேலைதான்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெரிய வேலை என்று வருகிறவன் பரவாயில்லை, கொஞ்சம் பயந்துகொண்டே வருவான், சொன்னதைக் காதில் வாங்குவான். சின்ன வேலைக்காரன் அப்படியில்லை. சுவர், மாடி, மாடிக்கு மேல் இன்னொரு மாடி எல்லாம் கட்டச் சொல்லிவிட்டு, கடைசியில் "ஒரு ஜன்னலுக்கா இத்தனை நாள்?" என்று கேட்பான். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் இந்தக் காலத்தில் இருந்திருந்தால், அடுத்தவனுக்கு வெப்சைட் செய்து கொடுத்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்.

லாரிக்காரரும் அப்படித்தான் வந்தார்.

"சின்ன வெப்சைட்தான்மா. டைம் இருந்தா எங்க மச்சான் பையனே முடிச்சிருப்பான்."

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கிக் கொடுக்கிற கம்பெனி அவருடையது. ஏழு லாரி, முப்பது ஆள், இருபத்திரண்டு வருஷத்து அனுபவம். பன்னிரண்டாம் நாள் அவருடைய புதுக் கிடங்கு திறக்கிறது, அன்றைக்கு வெப்சைட்டும் திறந்தாக வேண்டும். என்னென்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "அதெல்லாம் இப்ப எப்படிச் சொல்றது? நீங்க ஆரம்பிங்க, நான் பாத்துப் பாத்துச் சொல்றேன்."

இதற்குத் தலையாட்டியவள் அண்ணி. அவளுக்கென்று சொந்தப் பெயர் ஒன்று உண்டு. பேங்க்காரர்களைத் தவிர யாரும் அதை இப்போது உபயோகிப்பதில்லை. நாத்தனார் அவளை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதை ஃபோனில் கேட்டுக் கேட்டு, பாதி வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாத்தனாருக்கு வீட்டில் மின்னல் என்று பெயர். விரல் அவ்வளவு வேகம். வாய் அதைவிட வேகம். அண்ணியும் நாத்தனாரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் பாத்திரம் பறக்கும் என்பார்கள். இவர்கள் இருவரும் ஒரே சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பது அண்ணியின் வேலை. தெரிந்தது ஒழுங்காக ஓட வேண்டும் என்பது மின்னலின் வேலை. மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் மடித்த அட்டை ஒன்று. அதை யார் மாற்றி வைப்பது என்பதைத் தவிர இவர்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை.

அண்ணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும், அவர் வார்த்தையிலேயே, ஓர் எழுத்து மாற்றாமல், மஞ்சள் சீட்டில் எழுதி, தேதியும் மணியும் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவாள். "வாய் மறந்துடும், சீட்டு மறக்காது" என்பாள். சாதாரணமாக ஒரு வேலைக்கு எட்டு சீட்டு, மிஞ்சிப்போனால் பத்து. லாரிக்காரர் ஐந்தாம் நாளிலேயே ஃப்ரிட்ஜின் மேல்கதவை நிரப்பிவிட்டுக் கீழ்க்கதவுக்கு இறங்கிவிட்டார்.

விமானக் கம்பெனி வெப்சைட் மாதிரி இருக்க வேண்டும். லாரி எந்தத் தெருவில் போகிறது என்று படத்தில் ஓட வேண்டும். வருகிறவர் டைப் அடித்து முடிப்பதற்குள் அவர் மனசில் நினைத்த நாளை அதுவே சொல்ல வேண்டும். நீலம் வேண்டும், ஆனால் இந்த நீலம் இல்லை. போட்டோ கேட்டால் "நீங்களே ஏதாவது நல்லதா போட்டுக்குங்க" என்பார். போட்டால் "இது எங்க லாரி இல்லையே" என்பார்.

"இவருக்கு இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவார் அண்ணி. முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள் மின்னல்.

"சொல்லிட்டு? ஸ்டாரை யாரு கொடுப்பா, உங்கண்ணனா?"

அங்கேதான் இருந்தது சங்கதி. இவர்களுக்கு வேலை வருவது, ஆன்லைனில் வேலை பிடித்துக் கொடுக்கிற ஒரு தளத்தின் வழியாக. அங்கே ஒவ்வொரு வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடுவார். சராசரி நாலே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே, நாலு புள்ளி ஏழில் நின்றது. நாலரைக்கு இறங்கினால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை டிக் போய்விடும். டிக் இல்லாதவர்கள் தேடினால் முப்பதாவது பக்கத்தில் இருப்பார்கள். முப்பதாவது பக்கம் வரைக்கும் பார்க்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? போன மாதம் ஓர் உடற்பயிற்சிக்கூடக்காரர் இரண்டே நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். காரணம், வெப்சைட் திறந்து நாலு நாளாகியும் ஒருத்தரும் எடை குறைக்க வரவில்லையாம். அந்த அடியிலிருந்தே இன்னும் எழுந்திருக்கவில்லை. இப்போது லாரிக்காரர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

மூடினால் அண்ணி போக வேண்டிய இடமும் தயாராக இருந்தது. பழைய ஆபீஸ் மேனேஜர் அவளுக்காக ஒரு நாற்காலியை மாதக் கடைசி வரைக்கும் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டு பஸ் மாறிப் போய், ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ போட்ட டிசைனில் எழுத்தைப் பெரிசாக்கிச் சின்னதாக்கிக் கொடுத்தவள் அவள். தானே ஒரு பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை செய்கிற ருசியைக் கண்ட பிறகு, அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போக அவளுக்கு மனசே இல்லை. கணவனும் நல்லவன்தான், ஆனாலும் "இன்னும் எத்தனை நாளைக்குப் பொட்டி தட்டப்போறீங்க?" என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்காமல் இருக்க மாட்டான். அதனால் அண்ணி எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றாள், சீட்டு எழுதினாள், பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் பகல் மூன்று மணிக்கு முப்பத்தொன்றாவது சீட்டு வந்தது. வாய்ஸ் மெசேஜில் லாரிக்காரர் ரொம்பப் பிரியமாகப் பேசினார்: "ம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதையே மொத்தமா வேற மாதிரி ஒருதடவை செஞ்சு காட்டுங்க. எது பிடிக்குதோ அதை வெச்சுக்கலாம். நாளைக்குக் காலையில பாக்குறேன். நல்லா பண்ணுங்க, ஸ்டாரெல்லாம் நம்ம கையிலதானே இருக்கு."

அண்ணி அதை எழுதி, இடமில்லாததால் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

மின்னல் அப்போது விசாரணைப் படிவத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வீடு மாற விரும்புகிறவர் தன் தேவையை எழுதி அனுப்புகிற படிவம் அது. சோதனைக்கு எல்லோரும் போல அவளும் பெயரில் "அஅஅ" என்றும், விவரத்தில் "டெஸ்ட் டெஸ்ட்" என்றும்தான் போடுவாள். அன்றைக்கு அந்தப் பிரியமான குரலைக் கேட்டதும் விரல் அரித்தது. ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டே அடித்தாள்:

"ரொம்பச் சின்ன வீடுதான். மாத்துறது ஒரு மணி நேர வேலை, டைம் இருந்தா எங்க மச்சான் பையனே முடிச்சிருப்பான். என்னென்ன சாமான் இருக்குன்னு இப்ப எப்படிச் சொல்றது? நீங்க ஏத்த ஆரம்பிங்க, நான் பாத்துப் பாத்துச் சொல்றேன். பக்கத்து வீட்டுக்காரர் விமானத்துல சாமான் அனுப்பினார், அந்த மாதிரி இருக்கணும். லாரி வேணும், ஆனா இந்த லாரி இல்ல. ஏத்தி முடிச்சதும் எல்லாத்தையும் இறக்கி வேற மாதிரி ஒருதடவை ஏத்திக் காட்டுங்க, எது பிடிக்குதோ அதை வெச்சுக்கலாம். நாளைக்குக் காலையில வேணும். ஸ்டாரெல்லாம் நம்ம கையிலதானே இருக்கு."

அனுப்பு பட்டனை அழுத்தினாள். "அனுப்பப்பட்டது" என்று பச்சையாக வந்தது. தங்கள் சோதனைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அங்கே மெயில் இல்லை.

"அண்ணி, ஃபார்ம் மெயில் எந்த அட்ரஸுக்குப் போகுது?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. காலையில் பதினொரு மணிக்கு, "மெயில் எனக்கு நேரா வர்ற மாதிரி இப்பவே வெச்சிடுங்க, லிங்க்கைத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்பிட்டேன், ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டணும்" என்று லாரிக்காரர் நச்சரித்ததும், அண்ணி அதை மாற்றி வைத்ததும், அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்ததால் மின்னலிடம் சொல்ல மறந்ததும் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வாய் மறந்துடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் வாய்க்கு ஒரு சீட்டு எழுதவில்லை.

"என்னடி அனுப்பின?"

மின்னல் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அண்ணி படித்தாள். பாதியில் சிரிப்பு வந்தது. கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குள் ஃபோன் அடித்தது. லாரிக்காரர்தான்.

"ம்மா," என்றார். குரலில் பிரியம் கிரியம் ஒன்றும் இல்லை. "முதல் விசாரணை வந்திருக்கு. படிக்கிறேன் கேளுங்க. ஜனங்க இப்படியும் இருக்காங்களா?"

முழுக்கப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தித் திட்டினார். "சாமானைச் சொல்ல மாட்டானாம், நான் ஏத்தணுமாம். வேற மாதிரி ஏத்திக் காட்டணுமாம். லாரி என்ன துணிக்கடையா, போட்டுப் போட்டுப் பாக்க? ஃபோன் நம்பர்னு ஒம்பதையே பத்துத் தடவை போட்டிருக்கான். யோக்கியன். அவன் மச்சான் பையன் எவனோ, அவனையே கூப்பிட்டுக்கச் சொல்லணும்."

"சார், அது வந்து..." என்றாள் அண்ணி.

"நீங்க சும்மா இருங்கம்மா, எழுதிக்குங்க. சாமான் எல்லாத்தையும் முதல்லயே காட்டணும். பாத்துட்டு நாள் எத்தனைன்னு நாங்க சொல்வோம், நீங்க சொல்லக் கூடாது. ஏத்த ஆரம்பிச்சப்பறம் சேர்த்தா, அது அடுத்த ட்ரிப். ஏத்தினதை இறக்க மாட்டோம். இந்த நாலையும் முதல் பக்கத்துல பெரிசா போடுங்க. அப்பறம் இந்த மாதிரி ஆளு உள்ளயே வர முடியாதபடிக்கு ஃபார்ம்ல நாப்பது கேள்வி வைங்க. நாளைக்குக் காலையில பாக்குறேன்."

வைத்துவிட்டார். மின்னல் நாற்காலியில் சாய்ந்து கைகொட்டினாள். "தப்பிச்சோம் அண்ணி. நிஜ ஆளுன்னு நம்பிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும். வாயை மூடிட்டு இருந்துடுவோம்."

"இருந்துட்டு? இல்லாத ஒரு ஆளைத் தடுக்க நாப்பது கேள்வி எழுதப்போறியா நீ? நாளைக்கு நிஜமா வீடு மாறுறவங்க வந்து, நாப்பது கேள்வியைப் பாத்துட்டு ஓடிப்போவாங்க. ஃபார்மே வேலை செய்யலன்னு அதுக்கும் ஒரு ஸ்டார்தான் போடுவார்."

மின்னலின் முகம் விழுந்தது. அண்ணி ஃப்ரிட்ஜின் முன்னால் போய் நின்றாள். பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு தைரியம் கிளம்பியது. நாலு வரியில் அந்த மனுஷர் என்ன அழகாகச் சொல்லிவிட்டார். இதைச் சொல்லத்தானே எட்டு நாளாக அவள் வாய் துடித்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். எண்ணிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை லாரிக்காரரின் ஆபீஸுக்கு நேரில் போனாள். ஆபீஸ் என்றால் ஒரு பெரிய முற்றம், ஓரத்தில் ஓர் அறை. முற்றத்தில் தட்டையாக மடித்த அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு, பழைய கம்பளிகள் கட்டுக்கட்டாக, கயிற்றுச் சுருள்கள். பேக்கிங் செய்கிற பெரியவர் ஒருவர் நிலைக்கண்ணாடி ஒன்றுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் ஃபோனில் யாரோ வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருந்தார். அண்ணியைக் கையால் உட்காரச் சொன்னார்.

"எத்தனாவது மாடி? லிஃப்ட்ல ஃப்ரிட்ஜ் நுழையுமா? அளந்து சொல்லுங்க, கண்ணால சொல்லாதீங்க. செடித்தொட்டி எத்தனை? ஒரே நாள்ல முடியாதுங்க, ரெண்டு நாள். இல்லீங்க, ரெண்டு நாள்தான். சரி, யோசிச்சுட்டுக் கூப்பிடுங்க." குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் ஃபோன் மறுபடி அடித்தது. "ஆமாங்க, ரெண்டு நாள். வியாழக்கிழமை காலையில வர்றோம்" என்று சொல்லி வைத்தார்.

அண்ணி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எட்டு நாளாக அவளைப் படுத்திய மனுஷரா இவர்?

"நாப்பது கேள்வி ரெடியாம்மா?"

"இல்ல சார். அந்த ஆளை நான் கண்டுபிடிச்சுட்டேன்."

"யாரு அந்த மகான்?"

பக்கத்திலிருந்த பெட்டியின் மேல், பிரிண்ட் எடுத்து வந்த அந்த மெயிலைப் பிரித்து வைத்தாள். அதன் முதல் வரிக்குப் பக்கத்தில் முதல் சீட்டை வைத்தாள். இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் இரண்டாவது. கடைசி வரி வரைக்கும் வைத்துவிட்டு, மிச்சச் சீட்டுகளைக் கட்டாகக் கீழே வைத்தாள். "எழுதி அனுப்பினது நாங்கதான் சார். சோதனைக்கு எழுதினது, தவறி உங்களுக்கு வந்துடுச்சு. தப்பு எங்களோடது, மன்னிச்சுக்குங்க. ஆனா வார்த்தை எங்களோடது இல்ல."

லாரிக்காரர் குனிந்து படித்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது முகம், கத்தவும் முடியவில்லை. முதலில் சிரித்தது பேக்கிங் பெரியவர்தான். "முதலாளி, அந்த மச்சான் பையன் யாருன்னு கேட்டீங்களே" என்றார்.

"நான் இப்படியா பேசுறேன்?"

"தேதியும் மணியும் போட்டிருக்கு சார்."

அவர் அந்த முப்பத்தொரு சீட்டையும் கையில் வாங்கி, சீட்டுக்கட்டு போலப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒற்றை நட்சத்திரம், பழைய நாற்காலி, இரண்டு பஸ் எல்லாம் அண்ணியின் கண்முன்னால் நின்றன. கடைசியில் அவர் நிமிர்ந்தார்.

"இத்தனைக்கும் சரி சரின்னு ஏன்மா சொன்னீங்க?"

"ஸ்டாருக்குப் பயந்துட்டேன் சார்."

"லாரி எவ்வளவு தாங்கும்னு லாரிக்காரன்தான் சொல்லணும். ஏத்தச் சொல்றவனுக்கு என்ன தெரியும்? அவன் வீட்டையே தூக்கி வைக்கச் சொல்வான்." சீட்டுகளைப் பெட்டியின் மேல் வைத்தார். "சரி, சொல்லுங்க. உங்க லாரில எத்தனை ஏறும்? இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

அண்ணியிடம் அந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்டதில்லை. மடியில் இருந்த கையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"ஆறு."

"எட்டு போடுங்களேன்."

"ஆறு சார்."

"ஏழு?"

"ஃப்ரிட்ஜ் நுழையாது சார். அளந்து சொல்றேன், கண்ணால சொல்லல."

பேக்கிங் பெரியவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். லாரிக்காரருக்கும் அடக்க முடியவில்லை. மூன்று காலிப் பெட்டிகளை இழுத்துப் போட்டு, "இது ஏறுது, இது அடுத்த ட்ரிப், இது வேண்டாதது" என்று தடித்த பேனாவால் எழுதினார். வீடு மாறுவதில் பாதி வேலை வேண்டாததைக் கழிப்பதுதான். அதில் அந்த மனுஷரை மிஞ்ச ஆள் கிடையாது. பத்தே நிமிஷத்தில், ஏறுகிற பெட்டியில் சரியாக ஆறு சீட்டு. விமானக் கம்பெனிச் சீட்டை அவரே கிழித்துப் போட்டார். படத்தில் ஓடும் லாரி அடுத்த ட்ரிப்புக்குப் போனது. நாற்பது கேள்வி ஐந்தானது: எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா, எத்தனை அறை, பெரிய சாமான் என்னென்ன, எந்த நாள். நீலத்தைப் பற்றிய சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"இந்த நீலம்..."

"அதோ நிக்குதே, உங்க லாரி, அந்த நீலம்தான் சார் நான் போட்டது."

திரும்பிப் பார்த்தார். "அட, ஆமா" என்று சொல்லி அதையும் வேண்டாததில் போட்டார். அப்புறம் தன் ஃபோனை நீட்டி, "போட்டோ வேணும்னீங்களே, எடுத்துக்குங்க" என்றார்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குக் கிடங்கும் திறந்தது, வெப்சைட்டும் திறந்தது. முதல் பக்கத்தில் நீல லாரி, அதற்குக் கீழே அவர் வாயால் சொன்ன நாலு வரி, ஒரு வார்த்தை மாற்றாமல். சாயங்காலத்துக்குள் பதினோரு விசாரணை. பதினொன்றிலும் மாடி, லிஃப்ட், சாமான் எல்லாம் விவரமாக. ஒரு பெண்மணி தன் செடித்தொட்டிகளை எண்ணி, உயரத்தையும் அளந்து எழுதியிருந்தாள். லாரிக்காரர் ஃபோனில் அதைப் படித்துக் காட்டியபோது அவருடைய குரல் தழுதழுத்தது.

மறுநாள் நட்சத்திரம் வந்தது. மின்னல் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணிதான் திறந்தாள். ஐந்து. கீழே எழுதியிருந்தார்: "இவங்க முடியும்னு சொன்னா முடியும். முடியாதுன்னு சொன்னாலும் நம்பலாம். சாமானை முதல்லயே காட்டிடுங்க." சராசரி நாலு புள்ளி எட்டுக்கு ஏறியிருந்தது. பச்சை டிக் அசையாமல் இருந்தது. மின்னல் அண்ணியைக் கட்டிக்கொண்டதில் மேஜையின் குட்டைக்கால் அட்டையை விட்டு நழுவியது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அண்ணி அழுதாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, பொட்டி தட்டுவதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், குனிந்து அட்டையைச் சரியாக வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரத்திலேயே மூன்று புது வேலை வந்தது. மூன்று பேருக்கும் அண்ணி முதலில் அனுப்பியது அந்த நாலு வரியைத்தான். சாமான் என்பதை மட்டும் தேவை என்று மாற்றினாள். ஒருவர் ஓடிவிட்டார். மற்ற இருவரும் ஒழுங்காகப் பட்டியல் எழுதி அனுப்பினார்கள்.

மாதக் கடைசி நாள் பழைய மேனேஜர் கூப்பிட்டார். நாற்காலி காத்திருக்கிறது என்றார். வரவில்லை சார் என்றாள் அண்ணி.

"நல்லா யோசிச்சீங்களா? வீட்ல உக்காந்து செய்யறது, அதெல்லாம் சின்ன வேலைதானே."

"ஆமா சார், சின்ன வேலைதான்," என்றாள் அண்ணி. "ஆனா என் லாரி இப்ப நிறைஞ்சிருக்கு. ஏத்தினதை இறக்க மாட்டோம்."

ஃபோனை வைத்துவிட்டு, புது மஞ்சள் சீட்டுக்கட்டைப் பிரித்து, அன்றைய தேதியை எழுத ஆரம்பித்தாள்.